மரமில்லா மலையில் என்ன இருக்கிறது?

டீச்சர், உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே எழுதிக்கொள்கிறேன். ஓடுகத்தூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பசுமைப் படைக்குப் பொறுப்பாக இருக்கிறீர்கள். வருடா வருடம் ஊர்வலம், ஓவியப் போட்டி, மரக்கன்று நடுவது எல்லாம் நடக்கிறது. பிள்ளைகள் புலியும் பனிக்கரடியும் அழகாக வரைகிறார்கள். ஆனால் ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்று எரிந்தால் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. நம் ஊரில் இருக்கும் உயிரினங்களைப் பற்றி நம் மக்களுக்கு எப்படித்தான் உணர்த்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அணைக்கட்டு, குடியாத்தம், காட்பாடி என்று ஏரி ஏரியாகவும் குன்று குன்றாகவும் இருபது வருடத்துக்கு மேல் சுற்றியிருக்கிறேன். அதில் எனக்குத் தெரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்கு விழிப்புணர்வு கொடுக்கப் போகாதீர்கள். ஊரிடம் கேட்கப் போங்கள். ஊருக்குத் தெரிந்ததைப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள்: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை, சாமியில்லா கோயில். இதைச் சொல்லிச் சொல்லியே நம்மை நாமே வறண்டவர்களாக நினைத்துக்கொண்டோம். கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் சாமி திரும்பி வந்தார், ஊர் மக்கள் முயற்சியால். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது. ஆனால் 'மரமில்லா மலை' மட்டும் அப்படியே மனதில் தங்கிவிட்டது. அங்கே ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறவர்கள் அது எரிந்தால் ஏன் பதறப் போகிறார்கள்? பள்ளிப் புத்தகத்தில் வரும் காடு நீலகிரியில் இருக்கிறது, அமேசானில் இருக்கிறது. நம்முடையது வெறும் கரடு.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆவணி மாதம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை அப்படி ஒரு கரட்டுக்குக் கூட்டிப்போனேன். கையில் பெரிய செடிப் புத்தகம் எடுத்துப் போயிருந்தேன். அது தேவைப்படவே இல்லை. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, நாங்கள் ஒரு மரத்தடியில் நின்று புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார். புத்தகம் உசிலை என்று சொன்ன மரத்தை, "இன்னா கண்ணு, துரிஞ்சி கூடத் தெரியாதா?" என்றார். அதன் இலையைக் காய வைத்து அரைத்தால்தான் அரப்பு, அந்தக் காலத்தில் தலைக்குத் தேய்க்க அதுதான் என்றார். அப்புறம் வெட்பாலை. காய் இரண்டிரண்டாகத் தொங்கும், நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும், சிரங்குக்கு இலையை எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்க வேண்டும், எண்ணெய் ஊதா நிறமாகும். கிளுவையை ஆடு விரும்பித் தின்னும், ஊமத்தையைத் தொடாது. ஒரு பெண்ணின் பாவாடையில் சூரை முள் மாட்டிக்கொண்டபோது பாட்டி சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "முன்னால இழுக்காத, கிழிஞ்சிடும். ஒரு அடி பின்னால வா, அதுவே விட்டுடும்." சூரையின் முள் கொக்கி மாதிரி பின்னோக்கி வளைந்திருக்கும். பாட்டிக்கு அது தெரியும்.

ஒரு கிலோமீட்டர்கூட நடக்கவில்லை. திரும்பும்போது பிள்ளைகளின் நோட்டில் நாற்பத்து மூன்று செடி கொடிகளின் பெயர் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது எதற்கு ஆகும் என்ற குறிப்போடு. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அந்தக் கரடு அதற்கப்புறம் வெறும் கரடாகத் தெரியவில்லை. பாட்டிக்கும் ஒன்று நடந்தது. தனக்குத் தெரிந்தது ஒரு நோட்டில் ஏறத்தக்க விஷயம் என்று அவரிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை.

அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். உங்கள் பிள்ளைகளின் வீட்டில் ஆடு மாடு மேய்க்கிறவர், மூலிகை பறிக்கிறவர், மீன் பிடிக்கிறவர், தேன் எடுக்கிறவர் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். ஓடுகத்தூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடுகிறது. பீஞ்சமந்தையிலிருந்தும் ஜார்தான்கொல்லையிலிருந்தும் மலைமக்கள் இறங்கி வருகிறார்கள். சாமை விதைக்கும் அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எந்த வகுப்பறைக்கும் இன்னும் வந்து சேரவில்லை. அவர்களைப் பார்வையாளராக உட்கார வைத்து நாம் மேடையில் பேசுவது தலைகீழான ஏற்பாடு.

மரக்கன்று நடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நடுவது தவறு என்று சொல்ல வரவில்லை, எங்கே எதை நடுகிறோம் என்பதுதான் விஷயம். பள்ளி வளாகத்தில், சாலையோரத்தில், ஏரிக்கரையில் புங்கனும் வேம்பும் இலுப்பையும் நடலாம். நாவலும் மருதும் தண்ணீர்ப் பக்கம் நன்றாக வரும். ஆனால் கரட்டைப் 'பசுமையாக்குகிறேன்' என்று போய் அங்கே குழி தோண்டாதீர்கள். முள்ளும் புல்லும் பாறையும் கலந்த அந்த இடம் காடு அழிந்துபோய் மிஞ்சிய மிச்சம் என்று நினைக்கிறோம். வருடத்தில் பாதி நாள் மழையே இல்லாத இடத்துக்கு ஏற்ற காடு அப்படித்தான் இருக்கும். கவுதாரிக்கும் முயலுக்கும் உடும்புக்கும் திறந்த புதர்தான் வேண்டும். இரவில் தரையோடு தரையாக உட்காரும் பக்கிக் குருவிக்கும் அதுவேதான். அடர்த்தியாக மரம் வந்தால் அவை போய்விடும். நிழலுக்கு நடும் மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அழகுதான், ஆனால் நம் கரட்டில் அவற்றுக்கு வேலையில்லை.

பாறையும் வெறும் பாறை இல்லை. திருப்பதி 1911 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது, அந்த வருடம்தான் சித்தூர் தனி மாவட்டமானது. அந்தத் திருப்பதி மலையில் கிடைத்த ஒரு பல்லியை 1870-ல் பெட்டோம் என்ற ஆங்கிலேய அதிகாரி முதன்முதலில் விவரித்து எழுதினார். தங்கப் பல்லி என்கிறோம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லி மஞ்சள் பூசியதுபோல் பொன்னிறமாகும். பெண் பல்லிகள் பல சேர்ந்து ஒரே பாறை இடுக்கில் முட்டைகளை ஒட்டி வைக்கும். உலகத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் கிடையாது. குவாரிக்கு ஒரு குன்று போகும்போது கல் மட்டும் போவதில்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இந்த ஒரு பல்லி போதும்.

சரி, உணர்த்துவது எப்படி என்று கேட்டீர்கள். ஊருக்கு ஏற்கெனவே எதன்மேல் பெருமை இருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். உங்கள் பக்கத்திலேயே இலவம்பாடி இருக்கிறது. அந்த முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் தொப்பியிலும் முள், பளபளவென்று ஊதா நிறம், குழம்பில் போட்டால் அதற்கென்று ஒரு ருசி. ஊரில் யாரைக் கேட்டாலும் அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். பேசவிடுங்கள். பிறகு பிள்ளைகளைக் காலை ஏழு மணிக்கு ஒரு கத்தரிக் கொல்லைக்குக் கூட்டிப்போய்ப் பூவுக்கு எதிரே உட்கார வையுங்கள்.

கத்தரிப் பூவில் தேன் கிடையாது. நடுவில் நிற்கும் மஞ்சள் குழாய்களுக்குள் மகரந்தம் அடைபட்டிருக்கும், நுனியில் சின்ன ஓட்டை மட்டும். கன்னங்கரேலென்று கட்டைவிரல் பருமனில் ஒரு வண்டு வரும், மரத்தைத் துளைத்து உள்ளே குடியிருக்குமே, அதுதான். பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். 'ஸ்ஸ்ங்' என்ற அந்தச் சத்தம் பறக்கும் சத்தத்தைவிடக் கூர்மையாக இருக்கும், காதால் பிரித்துக் கேட்கலாம். அந்த அதிர்வில் மகரந்தம் உப்பு கொட்டுவதுபோல் கொட்டும். கத்தரி தானாகவும் காய்க்கும், ஆனால் இந்த வண்டு வந்தால் காய்ப்புக் கூடும். சாதாரணத் தேனீயால் இப்படி அதிர வைக்க முடியாது.

அந்த வண்டு கொல்லையில் வாழ்வதில்லை. பட்ட மரத்தில், காய்ந்த கிளையில், பழைய மூங்கிலில் துளை போட்டுக் குடியிருக்கிறது. கத்தரி பூக்காத மாதங்களில் கரட்டில் ஆவாரைக்குப் போகிறது. ஆவாரம் பூவும் இதே மாதிரி நுனி ஓட்டையில்தான் மகரந்தத்தை வைத்திருக்கிறது. ஆக, கரட்டில் ஆவாரையும் பட்ட மரமும் இருந்தால்தான் இலவம்பாடிக் கத்தரிக்காய்க்கு உறவு முறை முழுசாக இருக்கும். இதை நான் ஒரு விவசாயியிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ அந்தப் பட்ட புளிய மரத்த வெட்ட வேணாம்னு சொல்றீங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். இந்த ஒரு காலை வேளை பத்து ஊர்வலத்துக்குச் சமம்.

தீயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை நம் குன்றுகள் எரிவதற்குப் பல காரணம். பீடியை அணைக்காமல் போடுகிறவர் உண்டு, விளையாட்டாகக் கொளுத்துகிறவரும் உண்டு. எரித்தால் புதுப் புல் வரும், ஆட்டுக்கு ஆகும் என்று நினைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குற்றவாளியாக்கிப் பேசினால் காது மூடிக்கொள்ளும். புல் வரும்தான். ஆனால் வருடா வருடம் எரிந்தால் ஆடு விரும்பும் கிளுவைக் கன்றும் துரிஞ்சிக் கன்றும் தலையெடுக்க முடியாது, கோடை மழையில் மேல்மண் கரைந்து ஏரிக்குப் போகும், ஐந்து வருடத்தில் மேய்ச்சலே மெலிந்துவிடும். இதை வெளியிலிருந்து வந்த நான் சொல்வதைவிட, மூத்த மேய்ப்பவர் ஒருவர் சொன்னால் எடுபடும். அவரைப் பேசச் சொல்லுங்கள், தை மாதமே. காடு எரிந்து தண்ணீரும் வற்றினால் புள்ளிமான் கீழே இறங்கும். கடைசியில் தெரு நாயிடமோ நெடுஞ்சாலை லாரியிடமோ அது முடியும். ஒவ்வொரு கோடையிலும் இந்தச் செய்தியைப் படிக்கிறோம்.

அடுத்தது ஏரி. ஏரி வற்றிக் கிடக்கும்போது அங்கே ஒன்றும் இல்லை என்று எல்லாரும் நினைக்கிறோம். ஒரு வைகாசி மாதம் ஏரி உள்வாயில் பிள்ளைகளோடு நடந்தபோது ஆள்காட்டிக் குருவி ஒன்று தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தான் அந்தப் பெயர். நில்லுங்கள், காலை நகர்த்தாதீர்கள் என்றேன். ஒரு பையன் நின்ற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி நான்கு முட்டை. கூடு என்று எதுவும் இல்லை, சும்மா ஒரு குழிவு, சுற்றிச் சின்னக் கற்கள். முட்டை மண் நிறம், மேலே கரும்புள்ளி, கூர்முனை நான்கும் உள்பக்கம் பார்த்தபடி. விரலை நீட்டிக் காட்டிய பிறகும் இரண்டு பேருக்குக் கண்ணில் படவில்லை. தள்ளிப்போய்க் கரைமேல் உட்கார்ந்து பார்த்தோம். தாய் திரும்பி வந்தது. அதற்கு முன்னால் குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தது. வேலூர் வெயிலில் முட்டை வெந்துபோகாமல் இருக்க ஈர வயிற்றோடு உட்காருகிறது.

அந்த வாரம் அந்த ஏரியில் மண் எடுக்க ஜேசிபி வந்திருந்தது. பிள்ளைகள் முட்டையைச் சுற்றிப் பத்தடி விட்டு நான்கு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டினார்கள், வண்டி ஓட்டுகிற அண்ணனிடம் போய்ச் சொன்னார்கள். அவர் இறங்கி வந்து பார்த்தார். "எத்தனை நாளுக்குப்பா?" என்று மட்டும் கேட்டார். நான்கு வாரம் என்றோம். அந்த மூலையை விட்டுவிட்டார். அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை, முட்டையைக் காட்டினோம், அவ்வளவுதான்.

தூர் வாருவதே கூடாது என்பதில்லை. வாராவிட்டால் ஏரி மேடாகிவிடும். ஆனால் நான்கு பக்கமும் செங்குத்தாகத் தோண்டித் தொட்டி மாதிரி ஆக்கினால் நீர்க்காகமும் முக்குளிப்பானும்தான் பிழைக்கும். கொக்கு, நாரை, உள்ளான் எல்லாம் முழங்கால் அளவுத் தண்ணீரில் நடந்து மேய்கிறவை. ஒரு பக்கமாவது சரிவாக, ஆழமில்லாமல் விடச் சொல்லுங்கள். உள்ளே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களை வெட்டாமல் விட்டால் ஐப்பசி, கார்த்திகையில் அவற்றில் பறவை அடையும். சீமைக் கருவேலம் வேறு, அதை எடுக்கலாம். இரண்டையும் ஒன்றாக நினைத்து வெட்டிவிடுகிறார்கள், அங்கே உங்கள் பிள்ளைகள் போய் வித்தியாசம் காட்ட வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லா உயிரும் நமக்கு நல்லதே செய்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பேர்ணாம்பட்டு, குடியாத்தம் ஓரத்தில் ஆந்திரப் பக்கத்துக் கௌண்டின்யா காட்டிலிருந்து யானை வந்து மாவையும் வாழையையும் ஒரே ராத்திரியில் முடித்துவிட்டுப் போகிறது. இரு நூற்றாண்டு போல யானையே இல்லாத பகுதி அது, 1980-களில்தான் திரும்பி வந்தன. அந்த ஊர்க்காரர்களுக்கு யானையோடு பழகிய பாட்டன் அனுபவம் இல்லை. சிறுத்தை தாக்கி உயிர் போன வீடும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே போய்ப் பதாகை பிடித்தால் நியாயமாகவே திட்டுவார்கள். அங்கே விழிப்புணர்வு என்றால் வேறு: ஆட்டுப்பட்டிக்கு மேல்கூரையும் கதவும், பொழுது சாய்ந்தபின் தனியாக ஒதுங்கப் போகாமலிருக்க வீட்டுக்கு ஒரு கழிப்பறை, தெருவிளக்கு, பயிர் இழப்பீட்டு மனுவை எழுதிக்கொடுக்க ஓர் ஆள். இந்த உதவியைச் செய்கிறவர் பேச்சைத்தான் பிறகு கேட்பார்கள்.

பாம்பும் அப்படித்தான். நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நான்கையும் படம் பார்த்து அடையாளம் சொல்லப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். ராத்திரி டார்ச் இல்லாமல் மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லைக்குப் போகக்கூடாது. கடித்தால் மந்திரம், கட்டு, கீறல் எதுவும் இல்லாமல் நேராக ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் 2024-லிருந்து பாம்புக் கடியை ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இவ்வளவும் சொன்ன பிறகுதான், எலி பிடிக்கும் சாரையை விட்டுவிடுங்கள் என்று கேட்க நமக்கு வாய் உண்டு. மண்ணுளிப் பாம்பைக் கோடிக்கு விற்கலாம் என்று எவனாவது சொன்னால் அது மோசடி, பிடித்தால் சிறை, இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வீட்டில் கூண்டுக்கிளி, நட்சத்திர ஆமை வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம்தான். பல வீடுகளில் உண்மையிலேயே தெரியாது.

எழுதியதை என்ன செய்வது? 2002-ம் வருட உயிரியல் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் ஓர் உயிரியல் பன்மை மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் உயிரினங்களையும் அவற்றைப் பற்றி ஊருக்குத் தெரிந்ததையும் குறிக்கும் மக்கள் உயிரியல் பன்மைப் பதிவேடு எழுதி வைப்பது அந்தக் குழுவின் முக்கிய வேலை. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்க வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்தது. அவசரத்தில் எழுதப்பட்ட பதிவேடுகள் நாட்டில் நிறைய, ஊர்க்காரர் கண்ணில் படாமலே அலமாரியில் கிடக்கின்றன. உங்கள் ஊராட்சியில் போய் அதைக் கேளுங்கள். கிடைத்தால் பிள்ளைகளின் நோட்டையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாட்டி சொன்னதில் எத்தனை அதில் இருக்கிறது என்று. விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் வையுங்கள். இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை. மார்ச் 22 தண்ணீர் நாள் கூட்டம்தான் இதற்குச் சரியானது, தீக்காலமும் தூர் வாரும் காலமும் அதற்குப் பின்னால்தான் உச்சத்துக்கு வருகின்றன. தீர்மானத்தில் 'இயற்கையைக் காப்போம்' என்று எழுதாதீர்கள். எந்த ஏரி, எந்த மூலை, எந்த மாதம், எந்த மரம் என்று எழுதுங்கள்.

தீர்மானத்தால் என்ன ஆகும் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலப்பதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்கில்தான் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் 'மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்', 'கேடு வருமுன் தடுக்க வேண்டும்' என்ற இரண்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. நாடு முழுக்க இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். ஆறு இன்னும் சுத்தமாகவில்லை, 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக உத்தரவு போட வேண்டியிருந்தது. ஆனாலும் அந்தச் சட்டம் நம் ஊர்க்காரர் கேட்டதால் வந்தது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

தொடங்க நல்ல நாள் பொங்கல். 2015-லிருந்து தமிழ்நாடு முழுக்கப் பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று பார்த்து எண்ணி ஈபேர்ட் செயலியில் ஏற்றினால் போதும், வீட்டு மொட்டைமாடியில் நின்றாலும் செல்லும். பெயர் தெரியாவிட்டால் கவலை இல்லை, முதல் வருடம் காகம், மைனா, கரிச்சான், தவிட்டுக் குருவி, பனை மரத்தைச் சுற்றும் உழவாரன், கம்பியில் உட்காரும் பனங்காடை என்று பத்துப் பெயர் போதும். ஒரே இடத்தில் வருடா வருடம் எண்ணுவதுதான் முக்கியம்.

மழை நன்றாகப் பெய்து உங்கள் ஏரி நிரம்பிக் கோடி போனால் சொல்லி அனுப்புங்கள், பொங்கலுக்கு நானும் வருகிறேன். என்னிடம் ஒரு பைனாகுலர் இருக்கிறது, பிள்ளைகள் முறை வைத்துப் பார்க்கலாம். காலை ஆறரைக்குக் கரைமேல் இருக்க வேண்டும். ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரையும் ஏரியில் வலை போடுகிறவர் ஒருவரையும் முன்கூட்டியே அழைத்து வையுங்கள், அவர்களுக்கும் டீயும் பொங்கலும் நம்மோடு. ஒலிபெருக்கி மட்டும் வேண்டாம்.